ஓர் இடாப்பு வரியின் பயணம்

கொழும்பிலிருந்து ஹற்றன் போகும் பாதையில் தெஹியோவிற்றவைத் தாண்டினால் கரவனெல்ல வரும். கேகாலையிலிருந்து புலத்கொஹுபிட்டிய வழியாக இறங்கும் பாதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. சுற்றிலும் இறப்பர், மேலே ஏற ஏறத் தேயிலை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இராத்திரியில் ஏதும் நடந்துவிட்டால், லயத்து ஆட்கள் ஒரு ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவது கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குத்தான்.

அப்படிக் கொண்டுவரப்பட்டவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முயன்றவராக இருந்து, காப்பாற்ற முடியாமலும் போய்விட்டால், அந்த மரணம் பல தாள்களில் ஏறும். பொலிசார் தகவல் புத்தகத்தில் எழுதுவார்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி உறவினரைக் கேட்டு வாக்குமூலம் எடுப்பார். பிரேத பரிசோதனை நடக்கும், மரணப் பதிவு நடக்கும். முதல் தாளில் அந்த மனிதருக்குப் பெயர் உண்டு. தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் உண்டு. அடுத்தடுத்த தாள்களில் இவை ஒவ்வொன்றாக உதிரும். கொழும்பில் பொலிஸ் திணைக்களத்தின் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போய்ச் சேரும்போது, இன்ன ஆண்டில் ஓர் ஆண் அல்லது ஒரு பெண், இன்ன வயது என்பது மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அந்த ஒற்றை வரி அதற்குப் பிறகு எங்கெல்லாம் போகிறது, எந்த வழியாக நம்மிடம் திரும்பி வருகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் உளவியல் படிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் கூடிக்கொண்டு வருகிறார்கள். ஆய்வேடு எழுத உட்காரும்போது அவர்கள் தேடுவது நம் வீட்டுத் துயரங்களைப் பற்றிய எழுத்து. அது உலகத்து நூலகங்களில் இருக்கிறது. அதை எடுக்கும் வழியைத் தமிழில் சொல்லிக்கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

இலங்கையின் மரண இடாப்புகள் வெளிநாட்டுச் சஞ்சிகைக்குப் போனது புதிய கதையல்ல. 1950 வாக்கில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்த அமெரிக்கர் மரி ஸ்ட்ராஸ், ஜாக்குலின் ஸ்ட்ராஸுடன் சேர்ந்து இந்நாட்டின் தற்கொலை, கொலைக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார். சமூகக் கட்டமைப்பு இறுக்கமானதா நெகிழ்வானதா என்ற கேள்வியோடு அவற்றை வைத்துப் பார்த்த அந்தக் கட்டுரை 1953இல் அமெரிக்கச் சமூகவியல் சஞ்சிகையில் வந்தது. 1984இல் கணேஸ்வரன், சுப்பிரமணியம், மகாதேவன் ஆகிய மூவர் வடக்கு நகரம் ஒன்றின் தற்கொலைகளைப் பற்றி எழுதியது ஸ்கண்டிநேவிய மனநோய் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியானது. தமிழர் வாழும் ஊரைப் பற்றித் தமிழர்களே எழுதியது. ஆனாலும் அதை வாசிக்க வட ஐரோப்பிய ஏடு ஒன்றைத் தேடிப் போகவேண்டும்.

இந்தத் தோட்டங்களின் இறப்பர்ப் பாலும் இப்படித்தான் போனது. சீற்றாகக் கொழும்புக்குப் போய், கப்பலேறி, டயராகத் திரும்பி வரும்போது வெட்டியவரின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. நம் இடாப்பிலிருந்து போன எண்களும் சந்தாப் பணத்துக்குப் பின்னால் பூட்டப்பட்ட சஞ்சிகைகளாகத் திரும்பின. ஆனால் ஒரு கட்டுரையின் கதை மட்டும் கொஞ்சம் வேறுமாதிரிப் போனது. அதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1950க்கும் 1995க்கும் இடையில் இலங்கையில் தற்கொலை வீதம் எட்டு மடங்காகப் பெருகியது. 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. பத்தே ஆண்டுகளில், 2005ஆம் ஆண்டளவில், அது பாதியாகக் குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கன்னெல், கொழும்பின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ, மைக்கல் எடில்ஸ்டன், பிளெமிங் கொன்ராட்சன் உட்பட ஆறு பேர் சேர்ந்து இந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள். 1975 முதல் 2005 வரையிலான கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். நான் சொன்ன அந்த ஒற்றை வரிகள் ஆயிரமாயிரமாகக் கூடிய கணக்கு அது.

நாட்டில் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980இலேயே வந்துவிட்டது. அதன் கீழ் மிகவும் நச்சான வகுப்பைச் சேர்ந்தவற்றின் இறக்குமதியும் விற்பனையும் 1995இல் கட்டுப்படுத்தப்பட்டன. 1998இல் இன்னொன்றும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தற்கொலைகள் குறையத் தொடங்கியதும் அதே காலத்தில்தான், ஆண், பெண், எல்லா வயதினரிடமும். 1986 முதல் 1995 வரையிலான பத்தாண்டோடு ஒப்பிட்டால், 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டில் 19,769 மரணங்கள் குறைவு. வேலையில்லாமை, குடி, விவாகரத்து, பீடைகொல்லிப் பாவனையின் மொத்த அளவு, போர் நடந்த ஆண்டுகள் ஆகிய வேறு காரணங்களையும் அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். எதுவும் அந்த வீழ்ச்சியோடு பொருந்தவில்லை.

கட்டுரை 2007இல், சர்வதேசத் தொற்றுநோயியல் சஞ்சிகையின் 36ஆவது தொகுதியில் வந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடு. அங்கிருந்து அது நிற்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் அதன்மேல் கட்டி எழுப்பப்பட்டன. 1995 முதல் 2015 வரை இலங்கையில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் இந்த வழியில் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து பல நாடுகளின் பீடைகொல்லிப் பதிவாளர்களுக்கு வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டன. கேகாலை மாவட்டத்தின் ஏதோ ஒரு பொலிஸ் நிலையத்தில் மை பேனாவால் எழுதப்பட்ட வரிக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கும்போது எனக்குத் துக்கமும் பெருமிதமும் ஒன்றாகவே வருகின்றன.

சஞ்சிகையில் அச்சான கட்டுரை நூலகத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை மாணவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய மருத்துவ நூலகம் சஞ்சிகைகளை வாங்கி, ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு மனிதர் வாசித்து, அது எதைப் பற்றியது என்று நிலையான சொற்களால் குறியிட்டு வைக்கும் வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தது. தற்கொலை, பீடைகொல்லி, சட்டக் கட்டுப்பாடு, இலங்கை என்று அந்தக் குறிகள் விழுந்தால் நாளை எங்கோ ஒருவர் தேடும்போது கட்டுரை எளிதில் அகப்படும். உளவியலுக்கு என்று தனியாக அமெரிக்க உளவியல் சங்கம் 1927 முதல் கட்டுரைச் சுருக்கங்களைத் தொகுத்து அச்சிட்டுவந்தது. தடித்த தொகுதிகளாக நூலக அலுமாரிகளை நிரப்பிய அந்தப் பதிப்பு 2006இல் நின்றது. இப்போது அது கணினித் தரவுத்தளமாக, சந்தா கட்டுவோருக்கு மட்டும் திறக்கிறது. மருத்துவ நூலகத்தின் தேடுதளமான பப்மெட் எல்லாருக்கும் இலவசம். 2000இல் அதோடு சேர்ந்து முழுக் கட்டுரைகளையும் இலவசமாக வைக்கும் பப்மெட் சென்ட்ரல் வந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த வெல்கம் அறக்கட்டளை போன்றவை, எங்கள் காசில் செய்த ஆய்வு பொதுமக்கள் கண்ணுக்கும் தெரியவேண்டும் என்று விதி செய்தன. நான் சொன்ன 2007ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஒரு பிரதி அங்கே கிடைக்கிறது.

இது தெரியாத ஒரு தங்கச்சிதான் எனக்கு போன் எடுத்தாள். எங்கள் பக்கத்து இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளை, கம்பஸில் இறுதி வருடம்.

"அக்கா, தலைப்பைத் தட்டினா கட்டுரை வருது. திறக்கப் போனா டொலர்ல காசு கேட்குது. இதை விட்டுட்டு வேற எடுக்கவா?"

விட்டுவிட வேண்டாம் என்றேன். காசு கேட்பது பதிப்பாளரின் கதவு. அதே கட்டுரைக்கு வேறு கதவுகள் இருக்கலாம். கூகுள் ஸ்கொலரில் ஒவ்வொரு தலைப்பின் கீழும், அந்தக் கட்டுரையின் மற்றப் பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் இணைப்பு ஒன்று உண்டு. பப்மெட்டில் தலைப்பைப் போட்டால் இலவசப் பிரதி உள்ளதா என்று பக்கத்திலேயே தெரியும். எங்கும் இல்லையென்றால் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு மரியாதையாக நான்கு வரி எழுதலாம். பிரதி அனுப்புவது ஆய்வாளர்களிடையே பழைய வழக்கம். கம்பஸ் நூலகர் வேறு நூலகத்திலிருந்து தருவித்துத் தரவும் முடியும். நூலகரிடம் போய்க் கேட்பதற்கு நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கேட்கவேண்டுமே என்ற தயக்கம். அந்தத் தயக்கம் பல ஆய்வேடுகளை மெலிய வைத்திருக்கிறது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றையும் ஒரு துண்டில் எழுதி நீட்டினாலே போதும்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. இந்தக் கட்டுரை அகப்பட்டதே ஒரு தற்செயலால்தான். இதுபோல் வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. 'மலையகத் தமிழர்' என்று போட்டுத் தேடியிருக்கிறாள், கொஞ்சம்தான் வந்திருக்கிறது. நம் மக்கள் நூலகங்களில் ஒரே பெயரில் இல்லை. 1911ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு முதல் அரசாங்கக் கணக்கில் 'இந்தியத் தமிழர்'. சுகாதாரப் புள்ளிவிபரங்களில் 'தோட்டத்துறை'. மானுடவியல் நூல்களில் 'பெருந்தோட்டத் தொழிலாளர்'. அண்மைக் காலத்து எழுத்தில்தான் மலையகம் என்ற சொல் ஆங்கில எழுத்துகளில் தலைகாட்டுகிறது. இவற்றுள் ஏதாவது ஒன்று இருந்தாலும் கொண்டுவா என்று தரவுத்தளத்துக்குச் சொல்லவேண்டும். அதற்கு எல்லாப் பெயர்களையும் அடைப்புக்குள் இட்டு, நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் OR என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுவது முறை. நாட்டின் பெயரும் 1972இல் மாறியது. 'சிலோன்' என்பதைச் சேர்க்காமல் தேடினால் ஸ்ட்ராஸ் தம்பதியின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை கண்ணில் படவே படாது.

ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்துவிட்டால் சொற்களை நம்பியிருக்கவும் தேவையில்லை. அதன் கடைசிப் பக்கங்களில் உள்ள உசாத்துணைப் பட்டியல் பின்னோக்கி அழைத்துப் போகும். அதைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்தால் முன்னோக்கிப் போகலாம். இரண்டு பக்கமும் நடந்தால் ஒரு துறையின் முழு உருவமும் தெரிய வரும். அப்படி நடந்துதான் அந்தத் தங்கச்சி 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் கண்டெடுத்தாள். டி. நைப் முதலானோர் 1975 முதல் 2012 வரையிலான பொலிஸ் கணக்கையும் வைத்தியசாலைக் கணக்கையும் வயது வாரியாக, தலைமுறை வாரியாகப் பிரித்துப் பார்த்தது. திறந்த சஞ்சிகை, எவரும் வாசிக்கலாம். உள்நாட்டுச் சஞ்சிகைகளுக்குத் தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் இணையத்தளம் இருக்கிறது. தமிழ் நூல்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த 'நான்' என்ற உளவியல் சஞ்சிகையின் இதழ்கள் அங்கே உண்டு. மலையகத்துக்கென்று தனி ஆவணத் தொகுப்பும் உண்டு.

கிடைத்ததை எப்படி வாசிப்பது? இதில்தான் நான் அவளோடு அதிக நேரம் பேசினேன். 2007ஆம் ஆண்டுக் கட்டுரை முழு நாட்டின் போக்கைச் சொல்கிறது. நச்சுக் குறைந்ததும் மரணம் குறைந்ததும் ஒரே காலத்தில் நடந்தன என்று காட்டுகிறது. கரவனெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண் ஏன் அந்த முடிவுக்கு வந்தாள் என்பதற்கு அதில் விடை இல்லை, அதை அது தேடவும் இல்லை. பொலிஸ் கணக்கை அடித்தளமாக வைக்கும்போது இன்னொன்றையும் நினைக்கவேண்டும். தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இந்நாட்டில் குற்றம். குற்றமாக இருந்த காலத்தில் குடும்பங்கள் எதை மறைத்தன, எதைச் சொன்னன என்பது இடாப்பில் இருக்காது.

சாதகமாக வராத ஆய்வுகளையும் எடுத்து வாசிக்கச் சொன்னேன். பீடைகொல்லியை வீட்டில் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தால் உயிர் காக்கலாம் என்று பலரும் நம்பினார்கள். அனுராதபுரத்தில் 180 கிராமப் பகுதிகள், 53,382 வீடுகளை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். 2017இல் லான்செற் சஞ்சிகையில் வந்த முடிவு: பெட்டியால் பலன் தெரியவில்லை. நல்லெண்ணத்தோடு செய்த முயற்சி கைகூடவில்லை என்று அத்தனை பெரிய ஆய்வு நேர்மையாகச் சொன்னதை நான் மிக மதிக்கிறேன். அதைத் தவிர்த்துவிட்டு வெற்றிகளை மட்டும் அடுக்கும் இலக்கிய மீளாய்வு ஆபத்தானது, ஏனென்றால் அதை நம்பி ஒரு தோட்ட நிர்வாகமோ தொண்டு நிறுவனமோ நாளைக்கே பெட்டி வாங்க இறங்கலாம்.

மரணம் குறைந்ததே தவிர, தன்னைத் தானே துன்புறுத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு வருவோர் அதே அளவில் குறையவில்லை. மருந்து மாத்திரைகளால் வருவோர் கூடியதை 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சட்டம் உயிரைக் காத்தது, மனவேதனை அப்படியே இருந்தது. உளவியல் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜீன் மரெசெக் 1998 முதல் இதைப் பற்றி எழுதிவருகிறார். சந்தனி செனதீராவோடு சேர்ந்து தென்பகுதியில் இளம் பெண்களின் வாயாலேயே காரணங்களைக் கேட்டு எழுதினார். வீட்டுக்குள் நடந்த அவமானம், கோபம், கேட்க ஆளில்லாத நிலை, இதை எனக்குச் செய்தாயே என்று உறவினருக்குச் சொல்லும் வழி என்றெல்லாம் அந்தக் கதைகள் விரிகின்றன. டொம் விட்ஜர் வடமேற்கில் மாதம்பை என்ற சிங்களப் பகுதியில் தங்கியிருந்து 2015இல் ஒரு நூலே எழுதினார். இவை அருமையான வேலைகள். ஆனால் காலி, மாதம்பை, அனுராதபுரம், யாழ்ப்பாணம் என்று படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் நம் பக்கம் வெறுமையாகத் தெரிகிறது. லயத்து அறைகளில் நாலு பேர் முன்னிலையில் நடக்கும் சண்டை, விடியுமுன் பால்வெட்டுக்குப் போகும் தாய், கொழும்புக் கடையில் வேலைக்குப் போன பிள்ளை, நாட்கூலி, இவற்றுக்கு நடுவில் மனம் உடைவதைப் பற்றி யாராவது நம் மக்களின் தமிழில் கேட்டு எழுதியிருக்கிறார்களா என்று அவள் தேடத் தேடக் கிடைத்தது சொற்பம்.

இப்படிப்பட்ட கட்டுரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வாசிப்பது லேசான காரியமல்ல. சொந்தத்தில் ஒருவரை இழந்த பிள்ளைக்கு இன்னும் கடினம். இரவில் தனியாக இருந்து வாசிக்காதே, மனம் கனத்தால் நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசு என்று சொன்னேன். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு யாரும் எந்த நேரமும் அழைக்கலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பும் காது கொடுத்துக் கேட்கிறது. ஆய்வு செய்யும் பிள்ளைக்கும் அந்த உதவி உண்டு.

இப்போது அவள் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் அத்தியாயத்தைப் பார்த்தபோது எங்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. தோட்டத்தின் பெயரையும் டிவிஷனின் பெயரையும் போடவேண்டும் என்று நின்றாள்.

"எங்க ஊரு பேரு எந்தப் புத்தகத்திலயும் இல்ல அக்கா. நானும் போடாட்டி யாரு போடுறது?"

அவள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த டிவிஷனில் இருப்பவை சில வரிசை லயங்கள் மட்டும்தான். பெயரைப் போட்டால், எந்த வருடம், எந்த வயதுப் பெண் என்று படித்த உடனே வீட்டையே காட்டிவிடுவார்கள். அவளிடம் மனம் திறந்து பேசிய தாய்மார் அந்த லயத்தில்தான் இன்னும் இருக்கிறார்கள். பொலிஸ் இடாப்பிலிருந்து கொழும்பு போகும் வழியில் பெயர் உதிர்ந்ததால்தான் அந்த வரி இவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

கடைசியில் 'கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்று' என்று ஆய்வேட்டின் உள்ளே எழுதுவது, மாவட்டத்தின் பெயரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் போடுவது என்று முடிவானது. தேடுசொற்களாக மலையகத் தமிழர், இந்தியத் தமிழர், தோட்டத்துறை, இறப்பர், கேகாலை, சப்ரகமுவ, மனவேதனை, உயிர்மாய்ப்பு என்று தமிழிலும், அதே பட்டியலை ஆங்கிலத்திலும் கொடுக்கிறாள். ஆங்கிலச் சுருக்கத்தைத் தானே எழுதிவிட்டாள். தமிழ்ச் சுருக்கத்தை இந்த வாரம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். பரீட்சகர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு பிரதியைக் கம்பஸ் நூலகத்துக்கும், பேசிய தாய்மாரின் சம்மதம் இருக்குமானால் இன்னொன்றை மின்னூலகத்தின் மலையகத் தொகுப்புக்கும் கொடுக்கும் எண்ணம். அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்குவதா, வாயால் கேட்டு ஒலிப்பதிவு செய்வதா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள்.